வகுப்பறையில் ஓர் உண்டியல்

பழைய கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியின் வகுப்பறை ஒன்றை நினைத்துக்கொள்வோம். கரும்பலகை, வரிசையாக மர மேசைகள், சுவரில் சிலுவை, மூலையில் மாதா சுரூபம், அதன் முன்னே பிள்ளைகள் கொண்டுவந்து வைத்த பூக்கள். இவையெல்லாம் நம்மில் பலர் கண்டவையே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த பள்ளிகளில் இவற்றோடு இன்னொரு பொருளையும் காணலாம். ஆசிரியர் மேசையின் ஓரத்தில் ஒரு சிறு உண்டியல் இருந்தது. ஏறக்குறைய 120 ஆண்டுக் காலம் அந்த உண்டியல் அங்கே இருந்தது. பிள்ளைகள் அதில் இட்ட காசு கப்பலேறிக் கிழக்கு நோக்கி வந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் இல்லங்களுக்கு என்று சொல்லி அந்தக் காசைத் திரட்டினார்கள். அத்தகைய இல்லங்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும்கூட இருந்தன.

நேயர்களே, பள்ளித் திருநாள்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அலங்காரத்தையும் ஆடல் பாடலையும் சொல்லி முடித்துவிடுவார்கள். நாம் இன்று அந்த உண்டியலைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கலாம்.

கதை பிரான்சில் தொடங்குகிறது. 1662ஆம் ஆண்டில் நிக்கோலாஸ் பாரே என்னும் துறவி, ரூவான் நகரை அடுத்த சோத்வில் என்ற ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்தப் பணியிலிருந்து வளர்ந்ததுதான் பிற்காலத்தில் நம் நாட்டுக்குக் 'கான்வென்ட்' பள்ளிகளைக் கொண்டுவந்த குழந்தை இயேசு கன்னியர் சபை. பாரேயிடம் ஆலோசனை கேட்டு நடந்தவர்களுள் ஒருவர் ரீம்ஸ் நகரத்துக் குருவானவர் ஜான் பாப்டிஸ்ட் டி லா சால். ஆண் பிள்ளைகளின் பள்ளிகளுக்காக அவர் சகோதரர் சபையை நிறுவினார். பள்ளியை எப்படி நடத்துவது என்று அவரும் அவருடைய தோழர்களும் அனுபவத்தில் கண்டதையெல்லாம் எழுதிவைத்த கையேடு, அவர் காலமான மறு ஆண்டு, 1720இல் அச்சாயிற்று.

அந்தக் கையேட்டைப் படிக்கும்போது ஒரு வகுப்பறை நம் கண்முன் எழுகிறது. பிள்ளைகள் இலத்தீனில் அல்லாமல், தாங்கள் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே முதலில் வாசிக்கக் கற்றார்கள். ஆசிரியர் அதிகம் பேசுவதில்லை. கையிலுள்ள ஒரு மரக்கருவியைத் தட்டியே 'நிறுத்து', 'படி', 'திருத்து' என்று உணர்த்துவார். இன்றைய ஆசிரியர்கள் சிலர் இதைக் கேட்டால் பொறாமைப்படக்கூடும்! காலை உணவையும் பிள்ளைகள் வகுப்பிலேயே உண்டார்கள். அப்போது ஒரு மாணவன் கூடை ஒன்றைக் கையில் ஏந்தி வரிசைகளுக்கிடையே வருவான். ரொட்டி மிகுதியாக வைத்திருப்பவர்கள் அதில் ஒரு துண்டு இடலாம். கூடையில் சேர்ந்ததை அதே வகுப்பிலிருக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொடுப்பார்கள். கொடுத்தவனும் பெற்றவனும் ஒரே அறையில், ஒருவரையொருவர் பார்த்தபடி உண்டார்கள். இந்தக் கூடையை நாம் மறந்துவிடக் கூடாது.

திருநாள்களுக்கும் அந்தக் கையேட்டில் ஒழுங்கு உண்டு. வாரத்தில் திருநாள் எதுவும் வராவிட்டால் வியாழக்கிழமை முழுநாள் விடுமுறை. ஆண்டு விடுமுறை செப்டம்பர் மாதத்தில். ஞாயிற்றுக்கிழமையிலும் திருநாளிலுமோ பிள்ளைகள் பள்ளியில் கூடி, வரிசையாகப் பூசைக்குப் போகவேண்டும். அன்றைய ஞானோபதேச வகுப்பு மற்ற நாள்களைவிட நீண்டது. ஆகவே திருநாள் என்பது பள்ளிக்கு விடுப்பு அன்று. புத்தகத்தில் படித்ததைப் பிள்ளை தன் கால்களால் நடந்தும் கைகளால் செய்தும் கற்கும் நாள் அது.

இப்பொழுது 1843ஆம் ஆண்டுக்கு வருவோம். நான்சி நகரத்து ஆயராக இருந்த சார்ல்ஸ் டி ஃபோர்பன் ஜான்சன் சீனாவுக்குப் போகவேண்டும் என்று நெடுநாள் ஆசை கொண்டிருந்தவர். போக வாய்க்கவில்லை. அங்கே வறுமையினால் கைவிடப்படும் குழந்தைகளைப் பற்றிய செய்திகள் அவரை வாட்டின. பிரான்சு நாட்டுப் பிள்ளைகளைக் கொண்டே அவர்களுக்கு உதவலாம் என்று எண்ணி, 'திருக்குழந்தைச் சங்கம்' என்ற அமைப்பைப் பாரிசில் தொடங்கினார். விதிகள் மிக எளியவை. ஒவ்வொரு பிள்ளையும் மாதம் ஒரு சிறு காசு கொடுக்கவேண்டும். நாள்தோறும் மாதாவை நோக்கி ஒரு செபம் சொல்லவேண்டும். இயேசுவின் குழந்தைப் பருவத்து 12 ஆண்டுகளை நினைத்துப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிள்ளைகளைக் குழு சேர்த்தார்கள். கிறிஸ்துமசுக்கும் பிப்ரவரி 2ஆம் நாள் வரும் காணிக்கைத் திருநாளுக்கும் இடையே சங்கத்துக்கென்று ஒரு பூசையும் உண்டு.

அடுத்த ஆண்டே ஆயர் காலமானார். சங்கமோ நாடு நாடாகப் பரவியது. அது பரவியதற்குக் காரணம் உண்டு. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு அதைவிடப் பிடித்தமான பாடம் வேறு என்ன இருக்க முடியும்? தபசு காலம் வந்தால் மிட்டாய்க் காசை மிச்சம் பிடித்து உண்டியலில் இடுவார்கள். போதிய பணம் சேர்ந்தால், ஞானஸ்நானம் பெறப்போகும் தொலைநாட்டுக் குழந்தை ஒன்றுக்கு வகுப்பே பெயர் தேர்ந்தெடுக்கும். அமெரிக்கப் பள்ளிகளில் 1950களிலும் இந்தப் பழக்கம் இருந்தது. பெயர் எழுதிய சான்றிதழை வகுப்புச் சுவரில் மாட்டிவைப்பார்கள். ஆண் பிள்ளைகள் முந்துகிறார்களா, பெண் பிள்ளைகள் முந்துகிறார்களா என்று போட்டியும் நடக்கும். ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் வேறொரு வகை உண்டியலையும் செய்தார்கள். அதன்மேல் கறுப்பினச் சிறுவன் ஒருவனின் பொம்மை மண்டியிட்டிருக்கும். காசு விழுந்தவுடன் நன்றி சொல்வதுபோல் தலையாட்டும். இன்று அருங்காட்சியகத்தில் அதைக் காண்போருக்கு மனம் கூசும். அன்று காசு போட்ட ஆறு வயதுப் பிள்ளையின் மனத்தில் இரக்கம்தான் இருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இரக்கத்தோடு சேர்த்து, தான் எப்போதும் கொடுப்பவன், அந்தப் பொம்மைச் சிறுவன் எப்போதும் பெற்றுக்கொண்டு தலைவணங்குபவன் என்பதையும் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது. ரொட்டிக் கூடையில் இந்தக் குறை இல்லை.

காசு போய்ச்சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை வகுப்பறை அறியவில்லை. சீனாவிலிருந்த அனாதை இல்லங்கள் அதைக் கொண்டு பாலும் துணியும் வாங்கின. செவிலித்தாய்மார்க்குக் கூலி கொடுத்தன. சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுத்துவிடவேண்டும் என்பது கன்னியர்களின் கொள்கை. ஆகவே குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவோர்க்குச் சிறு தொகை கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் ஏற்பட்டது. வெளியில் நின்று பார்த்த ஊராருக்கு இது எப்படித் தோன்றியிருக்கும்? அந்நியர்கள் காசு கொடுத்துக் குழந்தைகளை வாங்குகிறார்கள். உள்ளே போன குழந்தைகளில் பல பிணமாகத்தான் வெளியே வருகின்றன. கன்னியர்கள் குழந்தைகளின் கண்களைப் பிடுங்கி மருந்து செய்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. 1870ஆம் ஆண்டில் தியன்சின் நகரத்து இல்லத்தில் நோய் கண்டு பல குழந்தைகள் மாண்டன. ஜூன் 21ஆம் நாள் கூட்டம் திரண்டது. பிரெஞ்சுத் தூதர் ஆத்திரத்தில் துப்பாக்கியால் சுட, கலவரம் மூண்டது. தூதரும், 10 கன்னியர்களும், அவர்களோடு சீனக் கிறிஸ்தவர்கள் பலரும் கொல்லப்பட்டார்கள். வதந்தியை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் நல்லெண்ணத்தோடு கொடுத்த காசுகூட, பெறுகிற ஊரின் கண்ணில் எப்படித் தெரியும் என்று எவரும் எண்ணிப் பார்க்காததை வரலாறு மறைக்கவில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். பாரேயின் வழிவந்த கன்னியர்கள் 1852இல் பினாங்கு வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டில் லா சால் சகோதரர்களும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். 1854 பிப்ரவரியில் மதர் மத்தில்ட் ராக்லோ மூன்று துணைவியரோடு சிங்கப்பூருக்கு வந்தார். விக்டோரியா ஸ்திரீட்டில் ஃபாதர் பியூரல் வாங்கிவைத்திருந்த வீட்டில் அவர்கள் குடியேறினார்கள். சில நாள்களிலேயே பள்ளி தொடங்கிவிட்டது. தொடக்கத்தில் கட்டணம் செலுத்தியவர்கள் 14 பேர், விடுதியில் தங்கியவர்கள் 9 பேர், அனாதைகள் 16 பேர்.

இந்த மூன்று எண்களுக்குள் ஒரு நூற்றாண்டுக் கதை அடங்கியிருக்கிறது. கான்வென்டின் மதிலில் ஒரு சிறிய வாசல் இருந்தது. இரவிலும் அதிகாலையிலும் பச்சிளங் குழந்தைகளை அங்கே விட்டுச் சென்றார்கள். வறுமை ஒரு காரணம். பெண்ணாய்ப் பிறந்தது இன்னொரு காரணம். புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற சீன நம்பிக்கையும் ஒரு காரணம். நோயோடு வந்த குழந்தைகள் பல பிழைக்கவில்லை. பிழைத்தவர்கள் கன்னியர்கள் இட்ட பெயரோடு வளர்ந்தார்கள். ஐரோப்பாவில் உண்டியலுக்கு முன் நின்ற பிள்ளைகள் படத்தில் மட்டும் கண்ட குழந்தை, இங்கே உயிரோடு எழுந்து நடந்து, கட்டணம் கொடுத்துப் படிக்கும் பிள்ளைகள் இருந்த அதே வளாகத்தில் வளர்ந்தது.

அப்படியானால் ரொட்டிக் கூடை மீண்டும் வந்துவிட்டதா? முழுவதும் வரவில்லை. வளாகம் ஒன்றானாலும் வகுப்புகள் வேறு வேறாக இருந்தன. கட்டணம் கொடுத்தவர்கள் ஆங்கிலமும் இசையும் கற்றார்கள். அனாதைச் சிறுமியர் தையலிலும் பூவேலையிலும் தேர்ச்சி பெற்றார்கள். அவர்களுடைய கைவேலையை விற்ற பணமும், மற்றவர்கள் கொடுத்த கட்டணமும் இல்லத்தின் செலவுக்கு உதவின.

இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிந்தது திருநாளில்தான். ஐரோப்பியப் பள்ளிகளில் கிறிஸ்துமஸ் பள்ளியாண்டின் நடுவே வரும். நம் நாட்டிலோ அக்காலத்தில் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கி ஆண்டிறுதியில் முடிந்தது. ஆகவே ஆண்டின் மிகப் பெரிய திருநாளன்று வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கும். பரிசளிப்பு விழா, பாலன் பிறப்பு நாடகம், பாட்டு எல்லாவற்றையும் விடுமுறை தொடங்குமுன்பே நடத்தி முடிக்கவேண்டும். நாடகத்தில் தேவதூதராக நின்ற பிள்ளை மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். டிசம்பர் 25ஆம் நாள் கான்வென்டின் குடிலுக்கு முன்னே நின்றவர்கள் போவதற்கு வேறு வீடில்லாத பிள்ளைகள்தாம். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். கத்தோலிக்கரிடையே பிறந்த நாளைவிடப் பெயர்ப் புனிதரின் திருநாளைச் சிறப்பாகக் கொண்டாடும் வழக்கம் இருந்தது. பிறந்த நாள் இன்னதென்று தெரியாத பிள்ளைக்கு அதை விட்டால் வேறு நாள் ஏது?

பள்ளி நடக்கும் காலத்தில் வந்த திருநாள்களில் எல்லாரும் கலந்துகொண்டார்கள். மார்ச் மாதத்தில் சூசையப்பர் திருநாள், மே மாதத்தில் மாதா வணக்கமாதம், சகோதரர்களின் பள்ளிகளில் மே 15இல் லா சால் திருநாள் என்று அவை வரும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குச் செல்ல, மற்றவர்களுக்கு நன்னெறிப் பாடம் நடக்கும். இந்த மற்றவர்கள் சிறுபான்மையினர் அல்லர் என்பதே நம் நாட்டுப் பள்ளிகளின் தனித்தன்மை. கன்னியர்களின் பணி தமிழ்க் கல்வியையும் தொட்டது. தைப்பிங் செயின்ட் திரேசா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி, ஈப்போ செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி ஆகிய பெயர்களே அதற்குச் சான்று. திருநீறு பூசிய நெற்றியோடு வந்த பிள்ளைகளுக்கு இத்தகைய பள்ளிகளில் என்றும் இடம் இருந்தது. 'அஞ்ஞானப் பிள்ளைகளுக்காக' என்று உண்டியல் நீட்டும் பாடத்தை இப்படிப்பட்ட வகுப்பில் எந்த ஆசிரியர்தான் மனமொப்பிச் சொல்லித்தர முடியும்? பக்கத்து இருக்கையில் இருப்பவள் அல்லவா அந்தப் பிள்ளை!

1965 அக்டோபர் 28ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. இந்து, பௌத்த, இஸ்லாமிய சமயங்களில் காணும் உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்பது அதன் சாரம். அதற்குப்பின் குழந்தைக்குப் பெயர் வாங்கும் பழக்கம் மேலை நாட்டு வகுப்பறைகளிலிருந்து மெல்ல மறைந்தது. சங்கம் மறையவில்லை, எல்லாக் கண்டத்துப் பிள்ளைகளும் எல்லாக் கண்டத்துப் பிள்ளைகளுக்கும் கொடுப்பது என்று அதன் நோக்கம் மாறியது. மலேசியாவில் 1970 முதல் ஆங்கில ஆரம்பப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. 1983இல் புதிய ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டம் வந்தபோது நன்னெறிக் கல்வி அரசாங்கத்தின் பாடமாயிற்று.

அதே 1983இல் விக்டோரியா ஸ்திரீட் கான்வென்டும் மூடப்பட்டது. பள்ளி தோபாயோவுக்கு இடம் மாறியது. பழைய கட்டடங்களில் இப்பொழுது உணவகங்கள் இயங்குகின்றன. சிற்றாலயத்தில் திருமண விருந்துகள் நடக்கின்றன. டிசம்பர் மாதத்தில் அங்கே போவோர் வண்ண விளக்குகளைக் காணலாம். மதிலோரமாகச் சற்று நடந்தால், குழந்தைகளை விட்டுச்சென்ற அந்தச் சிறிய வாசலும், அதைப் பற்றிக் கூறும் ஒரு பலகையும் இருக்கின்றன. சிறிய வாசல்தான் அது.