இவ்ரேயாவின் நீலப் பலகை

இத்தாலியின் வடமேற்கில், டோரா பால்டியா ஆற்றங்கரையில் அமைந்த இவ்ரேயா, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரே நிறுவனத்தின் பெயரால் அறியப்பட்ட ஊர். 1908இல் கமிலோ ஒலிவெட்டி அங்கே தொடங்கிய தட்டச்சுப்பொறித் தொழிற்சாலை, அவருடைய மகன் அத்ரியானோவின் காலத்தில், தொழிலாளர் குடியிருப்பு, நூலகம், குழந்தைகள் காப்பகம் என ஊரையே தன்னைச் சுற்றி வளர்த்தெடுத்தது. 1965இல் அந்நிறுவனம் வெளியிட்ட புரோகிராமா 101, மேசைமேல் வைத்து இயக்கத்தக்க தொடக்ககாலக் கணிப்பொறிகளுள் ஒன்று. தட்டச்சுப்பொறியின் காலம் முடிந்து நிறுவனம் தளர்ந்துபோன பிறகு, டெலிகாம் இத்தாலியாவும் ஒலிவெட்டியும் சேர்ந்து அவ்வூரில் ஒரு வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தை நிறுவின. சில ஆண்டுகளே அவ்வூரில் நீடித்த அந்நிறுவனத்தில்தான், பின்னர் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்த ஆர்டுயினோ என்னும் நீலநிறச் சுற்றுப்பலகை பிறந்தது.

அதை உருவாக்கியவர்களின் நினைப்பில் அறிவியல் ஆய்வு இருக்கவில்லை. மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்கள், விளக்கையும் மோட்டாரையும் தங்கள் விருப்பப்படி இயக்கிப் பார்க்க ஒரு மைக்ரோகண்ட்ரோலர் வேண்டியிருந்தது. கணிக்கும் பகுதி, நினைவகம், வெளிக் கருவிகளோடு இணையும் முனைகள் ஆகிய மூன்றையும் ஒரே சில்லில் அடக்கியது மைக்ரோகண்ட்ரோலர்; சலவை இயந்திரம் முதல் கார் வரை எல்லாவற்றிலும் அது ஏற்கெனவே இருந்தது என்றாலும், அதற்கு நிரல் எழுதுவது பொறியாளர்களின் வேலையாகவே இருந்தது. கொலம்பியாவிலிருந்து அங்கே படிக்க வந்த எர்னாண்டோ பாரகான், இந்தத் தடையை நீக்கும் பொருட்டு 2003இல் தம் முதுகலை ஆய்வுக்காக வயரிங் என்ற பலகையையும் அதற்கான எளிய நிரல்மொழியையும் உருவாக்கினார். அங்கே கற்பித்த மாசிமோ பான்சி, டேவிட் குவார்த்தியேயஸ் முதலியோரைக் கொண்ட குழு, 2005இல் அதனை அடிப்படையாக வைத்து, அதைவிட மலிவான சில்லைக் கொண்டு, ஏறத்தாழ 30 டாலருக்கு விற்கத்தக்க பலகையைச் செய்தது. அக்குழுவில் பாரகான் இடம்பெறவில்லை. ஆர்டுயினோவின் வரலாற்றைச் சொல்வோர் பலர் அவர் பெயரை விட்டுவிடுவது நியாயமாகாது. பலகையின் பெயர், 1002இல் இத்தாலியின் அரசனாக முடிசூடிய ஆர்துயினின் பெயரைத் தாங்கிய உள்ளூர் மதுக்கூடம் ஒன்றிலிருந்து வந்தது.

அறிவியலைப் பொறுத்தவரை, விலையைவிடப் பெரிய செய்தி பலகையின் உரிமத்தில் இருக்கிறது. நிதி குறைந்து கல்வி நிறுவனம் மூடப்படும் நிலை வந்தபோது, தங்கள் உழைப்பு அதனோடு சேர்ந்து முடங்கும் அல்லது வேறு யாரேனும் அதை உரிமை கொண்டாடுவர் என்று குழுவினர் அஞ்சினர். ஆகவே சுற்று வரைபடங்களையும் மென்பொருளையும், எவரும் எடுத்துச் செய்யலாம், மாற்றலாம், விற்கலாம், ஆனால் மாற்றியதையும் அதே நிபந்தனையில் பொதுவில் வைக்க வேண்டும் என்னும் திறந்தமூல உரிமத்தின்கீழ் வெளியிட்டனர். பெயரை மட்டும் வணிகக் குறியாகத் தங்களிடமே வைத்துக்கொண்டனர்; பின்னாளில் நிறுவனர்கள் பிளவுபட்டு வழக்காடியது அந்தப் பெயருக்காகத்தான். வரைபடத்துக்காக வழக்காட யாருக்கும் வழியில்லை.

இதே காலத்தில், இவ்ரேயாவோடு தொடர்பின்றி, புதுதில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் 2004இல் பீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, இந்தியக் கல்லூரிகளின் இயற்பியல் ஆய்வகங்களுக்கான மலிவான அளவீட்டுக் கருவிகளைத் திறந்தமூல முறையில் வடிவமைத்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே நோக்கம் தொடக்கத்திலிருந்தே அறிவியல் கல்வியாக இருந்தது.

இத்தகைய திறந்தமூலப் பலகைகள் வரும்வரை ஆய்வாளர்கள் வாங்கிப் பயன்படுத்திய தரவுப்பதிவிகள், அதாவது வெப்பநிலை, அழுத்தம் போன்றவற்றைக் குறித்த இடைவெளியில் அளந்து தாமே சேமித்துவைக்கும் கருவிகள், பெரும்பாலும் முத்திரையிட்ட பெட்டிகளாக இருந்தன. உள்ளே நிகழும் கணக்கு வெளியே தெரியாது, பழுதானால் தயாரித்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். திறந்த பலகை இந்த நிலையை எப்படி மாற்றியது என்பதற்கு, மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில் நீர் நிறைந்த குகைகளை ஆராய்ந்த கேவ் பேர்ல் திட்டம் நல்ல சான்று. குழாய் வேலைக்கான பி.வி.சி. உதிரிபாகங்களை உறையாக்கி, உள்ளே ஆர்டுயினோ வகைச் சிறு பலகை ஒன்றையும் நினைவக அட்டையையும் சாதாரண பேட்டரிகளையும் வைத்து, கயிற்றில் கட்டி நீருக்குள் விட்டனர். நீரோட்டம் உறையைச் சாய்க்க, உள்ளிருந்த முடுக்க உணரி அந்தச் சாய்வை அளந்து, ஓட்டத்தின் வேகத்தைக் கணிக்க உதவியது. பேட்டரி ஓராண்டுக்கும் மேல் தாங்க வேண்டும் என்பதற்காக, பலகையில் எப்போதும் எரியும் சிறுவிளக்கைப் பெயர்த்தெடுத்தனர். சில்லைப் பெரும்பாலான நேரம் உறங்கவிட்டு, கடிகாரச் சில்லு எழுப்பும்போது மட்டும் அளந்துவிட்டு மீண்டும் உறங்கும்படி நிரல் எழுதினர். வரைபடம் கையில் இல்லாத கருவியில் இத்தகைய சிக்கனத்துக்கு இடமே கிடையாது.

2012இல் பொறியியல் ஆய்வாளர் ஜோஷுவா பியர்ஸ், ஆய்வுக் கருவிகளைத் திறந்தமூல முறையில் செய்வது குறித்து சயன்ஸ் இதழில் எழுதினார். 2017இல் இத்தகைய கருவிகளின் வடிவமைப்புகளை வெளியிடுவதற்கென்றே ஹார்டுவேர்எக்ஸ் என்ற ஆய்விதழ் தோன்றியது. கருவியைச் செய்தவரும் அதனைக் கட்டுரையாக்கிப் பெயர் பெறலாம் என்ற நிலை அதனால் உறுதிப்பட்டது.

பலகையின் எல்லைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பரவலாகப் புழங்கும் ஆர்டுயினோ ஊனோ, 0 முதல் 5 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தை 1024 படிகளாகப் பிரித்தறிகிறது; ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். குகைநீரின் வெப்பநிலைக்கு உணரியே எண்ணாக மாற்றித் தந்துவிடுவதால் இது குறையாகாது. ஆனால் நரம்பணுக்களுக்கு அருகே பதிவாகும் மின்துடிப்புகள் மைக்ரோவோல்ட் அளவின. அதனால்தான் நரம்பியல் ஆய்வாளர்களின் ஓப்பன் எபிஸ் குழு, தன் பதிவுக் கருவிக்கு வேறு பெருக்கிச் சில்லுகளைத் தேர்ந்து, வரைபடங்களை அதே திறந்த முறையில் வெளியிட்டது.

மலிவு என்ற சொல்லும் முழு உண்மை அன்று. டிஎஸ்18பி20 என்னும் பிரபலமான வெப்ப உணரி 0.0625 பாகை செல்சியஸ் படிகளில் எண்களைத் தரும். ஆயினும் அந்த எண் உண்மை வெப்பநிலையிலிருந்து அரைப் பாகை வரை விலகலாம் என்று அதன் தயாரிப்புக் குறிப்பே சொல்கிறது. ஒரே நீர்த்தொட்டியில் பல உணரிகளை ஒன்றாக இட்டு, நம்பகமான வெப்பமானி ஒன்றோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் பிழையையும் கண்டு திருத்தும் வேலை, விலையுயர்ந்த கருவியில் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. திறந்தமூலக் கருவியில் அது ஆய்வு மாணவரின் தலையில் விழுகிறது, அவருடைய அந்த வாரங்கள் கருவியின் விலைக்கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை.