அலகை என்னும் சொல்

தவக்காலத்தின் முதல் வாரம், களம்பூரில் ஒரு நெசவாளர் இல்லத்தில் செபக்கூட்டம். பாலைநிலத்தில் இயேசு சோதிக்கப்பட்ட பகுதியை மத்தேயு நற்செய்தியிலிருந்து வாசித்து முடித்ததும், தறியருகே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "அலகு குத்திக்கிறது தெரியும். அலகைன்னா யாரு சாமி?" என்று கேட்டார். "பசாசும்மா" என்றேன். உடனே சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

வடமொழிப் 'பிசாச' என்பதே நம் முன்னோர் நாவில் 'பசாசு' ஆயிற்று. சீர்திருத்தச் சபையார் 'பிசாசு' என்றனர். உலகம், பசாசு, சரீரம் என்று ஆன்மாவின் பகைவர் மூவரை ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த தலைமுறைக்கு அச்சொல்லே நடுக்கம் தருவது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'அலகை'யை ஏற்றது. புதிதாய்ப் புனைந்த சொல்லன்று; கூளி, கழுது என்பவற்றைப் போலப் பேயைக் குறித்த பழஞ்சொல். புல்லறிவாண்மை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (850) வள்ளுவர் இதனை ஆள்கிறார். அங்கே அவர் சுட்டுவது சுடுகாட்டில் திரிவதை அன்று. உலகத்தார் உண்டென்பதை இல்லையென மறுக்கும் மனிதனை.

நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் இவ்விடத்தில் நிற்கும் சொல் 'தியாபொலோஸ்'. அவதூறு கூறுபவன், பழி சுமத்துபவன் என்பதே அதன் அடிப்படைப் பொருள். யூதாசைக் குறித்து ஆண்டவர் சொல்வதும் (யோவான் 6:70) இச்சொல்லே. பெண்கள் புறங்கூறாதவராய் இருக்க வேண்டும் என்னுமிடத்தில் (1 திமொத்தேயு 3:11) வருவதும் இதன் பன்மையே. எபிரேயச் 'சாத்தானோ' எதிராளி. யோபு நூலில் கடவுள்முன் நின்று நேர்மையாளன்மேல் ஐயம் கிளப்புபவன். கொம்பும் வாலும் பிற்கால ஓவியர் தந்தவை.

'அலகை' இப்பொருளைத் தருமா? தராது, 'பசாசு'ம் தரவில்லை. ஆயினும் 'அலகை'யிடம் எனக்கொரு மனநிறைவு உண்டு. அதை எவரும் அடுத்த வீட்டுப் பெண்மேல் ஏவி நான் கேட்டதில்லை. 'பேய்' அப்படியன்று. முன்பு நான் பணியாற்றிய பங்கில் வலிப்பு நோயுற்ற இளம்பெண்ணைப் 'பேய் பிடித்தவள்' என்று சொல்லி மந்திரிக்க அழைத்து வந்தார்கள். தலைமேல் கைவைத்துச் செபித்தேன், மருத்துவரிடமும் அனுப்பினேன். மாத்திரையால் வலிப்பு அடங்கிற்று, பேச்சு அடங்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் இருமுறை தெருமுனையோடு திரும்பிப் போனார்கள். அந்தத் தெருவில் தியாபொலோஸ் யாரிடம் குடியிருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

களம்பூர் மூதாட்டியிடம் இவற்றையெல்லாம் என்னால் இயன்ற எளிய தமிழில் எடுத்துச் சொன்னேன். சற்றுநேரம் பேசாதிருந்தவர், "அப்போ கோள் சொல்றவன்னே எழுதியிருக்கலாமே சாமி" என்றார்.