மலரும் மண்ணும்: அமெரிக்கப் புனைகதையில் இயற்கையின் சாட்சியம்

அமெரிக்கப் புனைகதைகளில் வரும் மலர்களைப் பெண்மையின் மென்மைக்கோ அழகின் நிலையாமைக்கோ அடையாளமாகக் கொண்டு அமைவது விமர்சகர் பலரின் வழக்கம். அது முற்றும் தவறன்று. எனினும், சமூகம் வழங்கிய தீர்ப்பை மண் ஏற்கிறதா, மறுக்கிறதா என்னும் வினாவையே அந்நாட்டின் சிறந்த கதாசிரியர்கள் மலரின் வாயிலாக எழுப்பினர் என்பது என் துணிபு.

இயற்கைக்கும் மானிட ஆன்மாவுக்கும் உள்ள அந்தரங்க உறவைச் சிந்தனையாளர் எமர்சன் 1836இல் பிரகடனம் செய்தார். அவ்வுறவு புனைகதையில் உருக்கொள்வதுபோல், 1850இல் ஹாதார்ன் வெளியிட்ட ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, பாஸ்டன் சிறைவாயிலருகே ஜூன் மாதத்தில் பூத்து நிற்கும் காட்டு ரோஜா, சட்டம் இரங்காத கைதிக்கு இயற்கை இரங்குவதன் சின்னமாகிறது. உன்னைப் படைத்தவர் யார் என மதகுரு வினவ, அச்சிறையின் கைதி ஹெஸ்டரின் குழந்தை பேர்ல், அச்செடியிலிருந்து தாய் தன்னைப் பறித்ததாக விடையிறுக்கும்போது, பாவத்தின் பலன் எனச் சபை முத்திரையிட்ட உயிர் மண்ணின் மகவாகிவிடுகிறது.

ஸ்டைன்பெக் 1937இல் வெளியிட்ட ‘தி கிரிஸாந்திமம்ஸ்’ சிறுகதையில் மண்ணின் கருணை குன்றவில்லை. அதனைப் பெற்றுக்கொள்ளத்தான் ஆளில்லை. டிசம்பர் மூடுபனி கவிந்த ஸலீனாஸ் பள்ளத்தாக்கில் எலிஸா ஆலன் வியக்கத்தக்க சாமந்திகளை வளர்க்கிறாள்; கணவனோ அக்கைத்திறன் பழத்தோட்டத்தில் பயன்பட்டால் ஆகாதா என்கிறான். பாத்திரம் பழுது பார்க்க வந்த நாடோடி அப்பூக்களில் ஆர்வமுள்ளவன்போல் நடிக்க, அவள் உள்ளம் நெகிழ்ந்து, சிவப்புத் தொட்டியொன்றில் ஈரமணலிட்டு இளநாற்றுகளைப் பதித்துத் தருகிறாள். அன்று மாலையே அவை சாலையில் எறியப்பட்டுக் கிடக்கின்றன. தொட்டியை மட்டும் அவன் வைத்துக்கொண்டான். விலையுள்ளதைப் பேணி உயிருள்ளதை வீசியெறியும் நாகரிகத்தின்மீது இதனினும் கடுமையான குற்றச்சாட்டை நான் படித்ததில்லை.

டோனி மாரிஸனின் ‘தி புளூயெஸ்ட் ஐ’ (1970) நாவலிலோ மண்ணே மலரை மறுக்கிறது. தந்தையால் கருவுற்ற கறுப்பினச் சிறுமி பெக்கோலாவின் சிசு பிழைக்க வேண்டுமென்று, கதையைச் சொல்லும் கிளாடியாவும் அவள் தமக்கையும் செண்டுமல்லி விதைகளை நடுகின்றனர். 1941ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஒன்றும் பூக்கவில்லை, சிசுவும் பிழைக்கவில்லை. முன்னரே பெக்கோலா, மிட்டாய்க் கடைக்குச் செல்லும் வழியில் அழகெனக் கண்ட டாண்டிலியன் என்னும் மஞ்சட் களைப்பூக்களை, கடைக்காரனின் அருவருப்புப் பார்வைக்கு ஆளாகித் திரும்புகையில் அழகற்றவை என ஒதுக்கியிருந்தாள்; பிறர் தன்மேல் வீசிய வெறுப்பை அவள் பூவின்மேல் இறக்கி வைத்தாள்.

இங்கு இயற்கையும் குற்றவாளிதானோ எனில், மாரிஸன் அவ்வளவில் நின்றுவிடவில்லை. விதையை ஆழமாக ஊன்றியதே தன் பிழையென்று நெடுங்காலம் நம்பிய கிளாடியா, அந்நிலமே சிலவகைப் பூக்களுக்கு ஆகாதென்று பின்னர் எண்ணுகிறாள். உடனேயே, நிலம் தானாகக் கொன்றவற்றுக்கு வாழும் உரிமை இல்லை என்று மனிதர் இசைந்துபோவதைத் தவறென்றும் உரைக்கிறாள். ஊரார் செய்த கொடுமைக்கு மண்ணின் இயல்பைக் காரணங்காட்டி ஒதுங்கும் அவ்விசைவே அந்நாவல் சுட்டும் முதற்குற்றம்.