மலையில் அறைந்த இரும்பு

சியோல் நகரத்தின் வடக்கே நிற்கிற புகான்சான் மலையை 'இயற்கை' என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அது திரும்பத் திரும்ப எழுதப்பட்ட ஒரு பிரதி. எழுதியவர்கள் அரசர்கள், வாசித்தவர்கள் பெரும்பாலும் தப்பாகத்தான் வாசித்தார்கள். பிபோங் சிகரத்தில் இருந்த கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் நூற்றாண்டில் ஹான் ஆற்றுச் சமவெளியைப் பிடித்த சில்லா அரசன் ஜின்ஹுங் தன் எல்லையைச் சொல்ல நட்டது. காலப்போக்கில் ஜனங்கள் அதை முஹாக் என்ற துறவியின் கல்லாக்கிவிட்டார்கள். 1816இல் அறிஞர் கிம் ஜாங்-ஹி ஏறிப்போய் எழுத்துகளைத் தடவிப் படித்துத்தான் இது அரசனுடையது என்று நிறுவினார். அதோடு விட்டாரா? தான் வந்து படித்ததை அதே கல்லின் பக்கவாட்டில் வெட்டிவைத்தார்! இன்றைக்கு யாராவது செய்தால் கேஸ்தான். கல் இப்போது அருங்காட்சியகத்தில். சிகரத்தில் நிற்பது 2006இல் வைத்த நகல்.

ஆனால் நம்மைத் தொந்தரவு செய்கிற பிரதி வேறு. அது இரும்பு.

மலைத்தொடர் வழியே உயிர்ச்சக்தி ஓடி அரண்மனைக்கு இறங்குகிறது என்பது கொரிய நிலவியல் சாஸ்திரம். ஜப்பானியர் காலனி ஆட்சியில் (1910-45) அந்த நரம்பை அறுக்கவே சிகரங்களில் இரும்பு ஆணிகளை அடித்தார்கள் என்ற நம்பிக்கை பரவலானது. விடுதலையின் ஐம்பதாம் ஆண்டான 1995இல் அரசாங்கமே ஆணி பிடுங்கும் வேலையில் இறங்கியது. அரண்மனையை மறைத்து நின்ற காலனி அரசுத் தலைமைக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியதும் அதே வருஷம்தான். சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள்: அவை நில அளவைக் குறிகள், மலையேறிகள் பிடித்து ஏற அடித்தவை என்றார்கள்.

இவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் 'மூடநம்பிக்கை' என்று கையைக் கழுவிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1910 முதல் 1918 வரை நடந்த நில அளவை என்ன செய்தது? வழக்கத்தால் உழுதுவந்த உரிமைகளைப் பதிவேட்டுக்கு வெளியே தள்ளியது. அளவைக்காரனின் இரும்பு நிலத்தை நிஜமாகவே பறித்திருக்கிறதுங்க. சாஸ்திரம் சொன்ன காரணம் தப்பு, காயம் பொய்யில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆணியைப் பிடுங்கிக் காட்டுவது அரசுக்கு ரொம்ப சுலபம். காலனிக் காலத்தில் நிலம் சேர்த்தவர்களைத் தொடுவது அப்படியல்ல.

பக்கத்திலேயே 810 மீட்டர் உயரத்தில் இன்சுபோங் என்ற மொட்டைப் பாறை. 1929இல் ஆர்ச்சர் என்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஏறியதுதான் பதிவில் உள்ள 'முதல்' ஏற்றம். எழுதிவைத்தவனுக்கே முதலிடம், அதற்கு முன் ஏறியவன் இருந்தால் வதந்தி. 1960களில் அமெரிக்கப் படையாளாகக் கொரியா வந்த இவோன் ஷுய்னார் அந்தப் பாறையில் புதிய தடங்களைத் திறந்தார். அவர் பெயரிலேயே இன்றும் அவை அழைக்கப்படுகின்றன. ஆள் பாறை ஆணி அடித்து விற்ற கொல்லர். ஆணி பாறையைச் சிதைக்கிறது என்று 1972இல் தன் சரக்குக்கு எதிராகத் தானே எழுதியவர். இந்த இரும்பை மலையின் நரம்பறுத்த குற்றத்தில் யாரும் சேர்க்கவில்லை.

836 மீட்டர் பெகுந்தே உச்சியிலிருந்தும் அந்தப் பழைய ஆணிகள் பிடுங்கப்பட்டன. இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அங்கே பாறையில் துளைத்து நட்ட இரும்புக் கம்பங்களையும் கம்பிவடத்தையும் பிடித்துக்கொண்டு வரிசையில் ஏறுகிறது.