எருசலேம் ஆலயமும் ஏழை உழவரும்

கி. மு. 586 ஆம் ஆண்டளவில் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைத் தகர்த்து, அதன் ஆலயத்தைத் தீக்கிரையாக்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரும் அவ்வேளையிலும் அரச குடும்பத்தினரும் குருமாரும் கைவினைஞரும் சிறைப்பட்டுச் சென்றனர். திராட்சைத் தோட்டங்களையும் வயல்களையும் பேண, ஏழைகள் மண்ணிலே விடப்பட்டனர். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்விரு பிரிவினரையும் நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

கி. மு. 539 இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். சிறைப்பட்டோர் ஊர் திரும்ப அவன் இசைந்ததை அருளெனப் போற்றுவோர் உளர். ஆயின், 1879 இற் பாபிலோனிலே கண்டெடுக்கப்பட்ட அவனது களிமண் உருளைச் சாசனம், மெசொப்பொத்தேமியக் கோயில்களை அவன் பேணியதைப் பேசுகின்றது. யூதரை அது குறிப்பிடவேயில்லை. வென்ற நாட்டின் தெய்வங்களைப் போற்றி அந்நாட்டு மக்களின் பணிவைப் பெறுதல் பேரரசின் ஆட்சித் தந்திரம் என்பது இதனால் வெளிப்படை.

திரும்பியோருக்குத் தலைமை தாங்கியவர் இருவர்: தாவீதின் வழிவந்த செருபாபேல், தலைமைக் குருவான யெசுவா. முதலிற் பலிபீடம் எழுந்தது. இடையிலே தடைப்பட்ட ஆலயப் பணி, ஆகாய், சகரியா என்னும் தீர்க்கதரிசிகளின் தூண்டுதலால் கி. மு. 520 இல் மீளத் தொடங்கி 515 இல் நிறைவெய்தியது. செருபாபேலின் கதி யாதாயிற்றென ஏடுகள் கூறவில்லை. யெசுவாவின் சந்ததியோ தலைமுறை தலைமுறையாகத் தலைமைக் குருபீடத்தில் அமர்ந்தது. அரசனற்ற ஒரு மக்கட் கூட்டம் சிதறாது நிலைக்க இவ்வழிபாடு பெருந்துணையாயிற்று என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால், அதன் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். கட்டடப் பணியிற் பங்குகொள்ள முன்வந்த அயலவரைத் தலைவர்கள் விலக்கினர். எஸ்றா நூலில் இடம்பெறும் அரச கடிதம், குருமாரையும் லேவியரையும் வரியினின்று விடுவிக்கின்றது. நெகேமியா நூலிலோ, அரசனுக்கு வரி செலுத்த வயல்களை ஈடுவைத்தும், பெற்ற பிள்ளைகளை அடிமைகளாக்கியும் நொந்த மக்களின் கூக்குரல் கேட்கின்றது. அவர்களை அடிமைகொண்டோர் அந்நியர் மட்டுமல்லர். சொந்த இனத்துப் பிரபுக்களுமாவர். கி. மு. 445 இல் ஆளுநராக வந்த நெகேமியா, நிலங்களைத் திருப்பியளிப்பதாகக் குருமார் முன்னிலையில் அப்பிரபுக்களிடம் ஆணை பெறவேண்டியதாயிற்று.

பிறிதொரு செய்தியும் கருதத்தக்கது. உரிய பங்கு கிடைக்காமையால் ஆலயத்தின் லேவியரும் பாடகரும் தத்தம் வயல்களுக்கு ஓடிப்போயினர், வழிபாடு தளர்ந்தது. உழவன் அளந்த தானியமின்றி ஒரு நாட் பூசைதானும் நடைபெறாது என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுமோ? குருமாரின் பெயர்களை ஏடுகள் வரிசையாகக் காத்துத் தந்துள்ளன. வயலை ஈடுவைத்து வரி செலுத்தியவனின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. வழிபாடு மீண்ட வரலாற்றை மாணவருக்குக் கற்பிக்கும்போது, பெயரற்ற அம்மனிதனையும் அதில் இடம்பெறச் செய்வது நமது கடமையாகும்.