நிறுத்திவைத்த ஸ்கூட்டரும் இறங்கிப்போகும் பேட்டரியும்

நிறுத்திவைத்த ஸ்கூட்டரில் பேட்டரி இறங்கிப்போவது, ஸ்கூட்டரைவிட வயதில் இளைய கோளாறு. 1972இல் வந்த பஜாஜ் சேட்டக்கில் தீப்பொறிக்கான மின்சாரத்தை எஞ்சினோடு சுற்றும் மேக்னெட்டோவே தந்தது. மாதக்கணக்கில் நின்ற வண்டியையும் ஒருபுறம் சாய்த்துவிட்டு நாலு உதை உதைத்தால் கிளப்பிவிடலாம். 1984இல் கைனெடிக் ஹோண்டா பட்டன் ஸ்டார்ட்டைக் கொண்டுவந்தது. 2001இல் வந்த ஹோண்டா ஆக்டிவா அதைச் சிற்றூர்கள் வரை பரப்பியது. அதன்பின் வண்டி கிளம்புவதும் கிளம்பாததும் சீட்டுக்கோ கால்பலகைக்கோ அடியில் இருக்கும் சிறு பேட்டரியின் கையில் போனது.

தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர் வட்டத்தில் உள்ள சுரண்டை, காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் நிறைந்த வட்டாரமும்கூட. அவர்கள் வீட்டில் விட்டுப்போகும் வண்டி பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோதான் மறுபடி சாவியைக் காணும். இந்தக் கோளாறுக்கு இதைவிடத் தோதான சூழல் வேண்டியதில்லை.

ஆசிட் ஊற்றும் பேட்டரிகளின் காலத்தில் கண்டறிதல் எளிய கைத்தொழில். ஆறு மூடிகளையும் கழற்றி ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். 1.26க்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ். ஒரு செல்லில் மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் அந்தச் செல் போய்விட்டது. மின்கசிவைக் காண, நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவே ஒரு டெஸ்ட் லேம்ப்பைக் கோப்பார்கள். பல்பு எரிந்தால் எங்கோ மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். ஆனால் 10 வாட் பல்பு எரிய முக்கால் ஆம்பியருக்கு மேல் வேண்டும். 20 மில்லிஆம்பியர் கசிவு அதன் கண்ணில் படாது. 4 ஆம்பியர்-மணி பேட்டரியை அந்த 20 மில்லிஆம்பியரே 200 மணி நேரத்தில், அதாவது எட்டு நாளில், வற்றடித்துவிடும்.

மூடியே இல்லாத சீல் பேட்டரிகள் வந்ததும் ஹைட்ரோமீட்டருக்கு வேலையில்லாமல் போயிற்று. மல்டிமீட்டர் பட்டறைக்கு அவசியமானது. 2020 மார்ச் 25இல் தொடங்கிய கொரோனா பொதுமுடக்கம் நாடு முழுவதும் வண்டிகளை ஒரே நேரத்தில் நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்து, புது ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் இருந்த இடத்தில் பெட்ரோலை மின்சாரத்தால் பீய்ச்சும் முறை அமைந்தது. பேட்டரி அடியோடு இறங்கிய இத்தகைய வண்டி, உதைத்தாலும் கிளம்பத் திணறும். சில மாடல்களில் கிக்கரே கிடையாது.

இன்றைய சோதனை பேட்டரியிலிருந்தே தொடங்குகிறது. முழுச் சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி ஓர் இரவு வைத்தபின் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் அது நல்ல பேட்டரி. தனியே இருந்தும் 12.4க்குக் கீழே போனால் பழுது அதற்குள்ளேயேதான். பேட்டரி நன்றாக இருந்தால் அடுத்து வண்டியின் வயரிங். சாவியை அணைத்து, நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய வயருக்கும் நடுவே மீட்டரை முதலில் 10 ஆம்பியர் அளவில் கோத்து, பிறகு மில்லிஆம்பியருக்கு இறக்க வேண்டும். அந்நேரம் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் பொறுக்கத்தக்கது. அதற்கு வெகுவாக மேலே போனால் ஃப்யூஸையும் கப்ளர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ அங்கேதான் கசிவு. பெரும்பாலும் சிக்குவது பிறகு மாட்டிய அலாரம், ஜி.பி.எஸ்., மொபைல் சார்ஜர். பலரும் மறப்பது, மேக்னெட்டோ தரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர். அதன் டயோடு கெட்டால் மின்சாரம் பின்வழியாக மேக்னெட்டோ காயிலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கசிவைத் தேடாமல் பேட்டரியை மட்டும் மாற்றுவது காசை வீணாக்குவது; புதியதும் அதே வேகத்தில் இறங்கும்.

கசிவும் இல்லையென்றால் எஞ்சினை ஓட்டி, ஆக்ஸிலரேட்டரை முறுக்கிச் சார்ஜிங் பார்க்க வேண்டும். பேட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டி வராவிட்டால், வண்டி ஓடும்போதே பேட்டரி நிரம்பவில்லை. அப்படி அரைகுறையாக நாள்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் ஈயத் தட்டுகளில் சல்பேட் இறுகிவிடும். பின்னர் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது முழுதாகக் கரையாது. எந்தக் கோளாறும் இல்லாத பேட்டரிகூடச் சும்மா இருக்கையில் மெல்ல இறங்கும். வெயில் ஏற ஏற அந்த வேகமும் கூடும். ஆகவே வெளியூர் போகிறவர்களின் வண்டியில் நெகட்டிவ் வயரைக் கழற்றிவைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரிக்குச் சார்ஜ் போடுவது வழக்கம்.