திண்ணையும் தெருவின் உரிமையும்

கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாளில் திருவண்ணாமலையின் மாட வீதிகளில் ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கப்படுகின்றன. நாம் அவ்வூரில் வளர்ந்தவர். பெரிய தேர் அசைந்து வரும்போது இருமருங்கும் உள்ள வீடுகளின் பால்கனிகளில் நிற்க இடமிராது. கைப்பிடிக் கம்பிக்கு மேலாகப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் காட்சி நம் நெஞ்சைத் திடுக்கிட வைத்ததுண்டு. தேர் செல்வதற்கென்றே அகலமாக வகுக்கப்பட்ட வீதி. அவ்வீதியின் மேல்வெளிக்குள் சிறிது சிறிதாக நீண்டுவிட்ட மாடங்கள். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. உலகத்துப் பழைய நகரங்கள் பலவும் இதை எதிர்கொண்டுள்ளன. நம் மார்க்கச் சட்ட நூல்களும் இதற்கென இடம் ஒதுக்கியுள்ளன. நம் சொந்த வீடும் இவ்வழக்கில் ஒரு தரப்பாக நின்றது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் திண்ணை. பழைய திருவண்ணாமலை வீடு தெருவை நோக்கித் திண்ணையோடுதான் நின்றது. வாசற்படியின் ஒருபுறம் நீண்ட திண்ணை, மறுபுறம் ஒட்டுத்திண்ணை, தலை வைத்துப் படுக்கச் சாய்வாக எழுப்பிய மேடு, மேலே மரத்தூண் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம். மலையைச் சுற்ற வந்த வழிப்போக்கர் அதில் கட்டுச்சோற்றை அவிழ்ப்பர். இரவில் துண்டை விரித்துப் படுப்பர். வீட்டுக்காரர் அவர்தம் பெயரைக்கூடக் கேட்பதில்லை. பெரும்பாலும் அத்திண்ணை நின்ற நிலம் வீட்டுக்காரருக்கே உரியது. தம் மனையில் மூன்று முழத்தைத் தெருவுக்கு விட்டுவிட்டு, அதற்குப் பின்னால்தான் அவர் கதவு வைத்தார்.

அண்டை ஊரான திருக்கோவலூரில் வைணவ ஆழ்வார் மூவர் மழையிரவில் ஒரு வீட்டின் இடைகழியில் சந்தித்ததாக அவர்தம் மரபு கூறுகின்றது. ஒருவர் படுத்திருந்த இடத்தில் இருவர் வந்ததும் எழுந்து அமர்ந்தனர், மூவரானதும் நின்றுகொண்டனர். இக்கதையை நாம் சிறுவராயிருந்தபோது பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு முதியவர் வாயிலாகக் கேட்டோம். இடம் குறுகியபோது மனிதர் தம்மைக் குறுக்கிக்கொண்டனர் என்னும் செய்தி அன்றே மனத்தில் பதிந்தது.

திண்ணையைப் புகழ்வோர் ஒன்றை மறைத்தல் ஆகாது. எல்லாத் திண்ணையும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. இன்னாரே அமரலாம், இன்னார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்னும் கொடுமை அந்நாளில் உண்டு. அது திண்ணையின் குற்றமன்று. கட்டியவர் மனத்தின் குற்றம்.

கல்வியும் திண்ணையில்தான் நடந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பு மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் எனக் காட்டுகின்றது. அவற்றுள் மிகப்பல மணலில் விரலால் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளிகளே. ஆங்கிலேயர் அவற்றைப் 'பயால்' பள்ளி என்றனர். அச்சொல் போர்ச்சுகீசியர் வழியாக அவர்கட்கு வந்தது. நம் பாட்டனார் அலிஃப், பே கற்றதும் ஒரு லெப்பையின் திண்ணையில்தான். அரபு எழுத்தில் தமிழை எழுதக் கற்றதும் அங்கேதான்.

1886இல் திருவண்ணாமலை நகராட்சி ஆயிற்று. அதன்பின் தெருவுக்கு ஓர் உடைமையாளர் வந்தார் எனலாம். அதற்கு முன் வழக்கமும் அண்டை வீட்டாரின் முகதாட்சிணியமும் காத்த எல்லையைப் பின்னர்ச் சங்கிலியும் வரைபடமும் காத்தன. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டத்தில் இதற்கெனப் பிரிவுகள் உள்ளன. 182ஆம் பிரிவு தெருவில் நீட்டிய கட்டுமானத்தை அகற்றுமாறு உத்தரவிட நகராட்சிக்கு அதிகாரம் தந்தது. ஆனால் அது நெடுங்காலம் நிலைத்துவிட்டதென்றோ, உரிமம் பெற்றுக் கட்டியதென்றோ வீட்டுக்காரர் மெய்ப்பித்தால், அகற்றும்போது நியாயமான இழப்பீடு தரவேண்டும் என்றது. அடுத்த பிரிவு, தாழ்வாரம், பால்கனி, வெயில் மறைப்பு ஆகியவற்றைத் தெருவின் மேல் நீட்டவும், வீட்டுக்கு ஏறும் படி கட்டவும் நிபந்தனைகளோடு உரிமம் வழங்க நகரசபைக்கு இடமளித்தது. ஆக, அன்றைய சட்டம் பால்கனியை வெறுக்கவில்லை. கேட்டுவிட்டுக் கட்டு என்றது. கேட்டுவிட்டுக் கட்டியவர் எத்தனை பேர் என்பது வேறு.

அதற்கு ஐந்தாண்டு முன்னர் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ் தமிழகக் கோயில் நகரங்களைக் கால்நடையாகச் சுற்றினார். நோய் பரவுகின்றது, தெருக்களை நேராக்கி அகலமாக்க வேண்டும் எனப் பொறியாளர் பலர் திட்டமிட்ட காலம் அது. தஞ்சைக் கோட்டைப் பகுதியைப் பற்றி 1915இல் எழுதிய அறிக்கையில் கெட்டிஸ் அதனை மறுத்தார். முழுத் தெருவையும் இடிப்பதற்கு மாறாக, பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றிக் காற்றுக்கு வழிசெய்தால் போதும் என்றார். நல்ல மருத்துவர் தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைப்பதை ஒத்த முறை. நம் ஊர்களில் இம்முறை அரிதாகவே கையாளப்பட்டது.

இனி நம் நூல்களுக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டின் மதீனாவில் தெருக்கள் குறுகியவை. வழியின் அகலத்தில் பிணக்கு நேர்ந்தால் ஏழு முழம் விடுக என எம்பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஏறத்தாழப் பத்தரை அடி. வழியில் அமர்வதைத் தவிர்க்கச் சொன்னார்கள். தவிர்க்க இயலாது என்றபோது வழிக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்தலும் இடையூற்றை நீக்கலும் ஸலாமுக்குப் பதில் கூறலும் அவ்வுரிமையில் அடங்கும். தெருவுக்கு உரிமை உண்டு என்னும் சொல்லாட்சியை வாசகர் ஊன்றி நோக்குக.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676இல் மறைந்தார்கள். அவர்களின் மின்ஹாஜ் நூலில் சமாதானம் பற்றிய பாடத்தில் இவ்விஷயம் விரிகின்றது. பொதுவழியின் மேல் மாடம் நீட்டலாம். ஆனால் நடப்பவர் நிமிர்ந்து செல்லும் உயரம் வேண்டும். குதிரையும் வணிகக் கூட்டமும் செல்லும் வழியாயின், ஒட்டகத்தின் முதுகில் கட்டிய பல்லக்குப் பந்தற்கழிகளோடு கீழே கடந்து செல்லும் அளவுக்கு உயர்த்த வேண்டும். வழியின் அளவு வீட்டுக்காரரின் ஆசையைப் பொறுத்ததன்று; அவ்வழியே செல்வனவற்றுள் மிகப் பெரியது எதுவோ, அதைப் பொறுத்தது. டமாஸ்கஸில் அது ஒட்டகப் பல்லக்கு. அண்ணாமலையார் வீதியில் அது தேர். இமாம் அவர்கள் இவ்வூரைக் கண்டிருப்பின் வேறு சொல்லியிருப்பார்கள் என நமக்குத் தோன்றவில்லை.

அதே இடத்தில் திண்ணைக்கும் விதி உண்டு. பொதுவழியில் திண்ணை கட்டுவதும் மரம் நடுவதும் கூடாது. இடையூறில்லையேல் ஆகும் என்னும் மாற்றுக் கருத்தும் அங்கே சுட்டப்படுகின்றது, முதற்கருத்தே வலுவுடையது. முட்டுச்சந்தின் விதி இன்னும் கடுமை. அது அச்சந்தில் வாழ்வோரின் கூட்டுரிமை. ஏனையோரின் இசைவின்றி அவருள் ஒருவர்கூட மாடம் நீட்டலாகாது. காயல்பட்டினத்து வீடுகளுக்கிடையே பெண்கள் போக்குவரத்துக்கென விட்ட முடுக்குகளைக் கண்டவர்க்கு இவ்விதியின் பயன் எளிதில் விளங்கும்.

ஹனஃபீ நூலாகிய ஹிதாயா வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றது. அதன் ஆசிரியர் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 593இல் மறைந்தார்கள். பொதுவழியில் ஒருவர் நீட்டிய மாடத்தை அகற்றுமாறு கேட்க, செல்வாக்கு ஏதுமற்ற சாமானியருக்கும் உரிமை உண்டு. அது விழுந்து உயிர் போயின், உயிரீட்டுத் தொகை கட்டியவருடைய குலத்தார் மேல் விழும். சாய்ந்த சுவரை இடிக்குமாறு எச்சரித்த பின்னும், இடிக்க அவகாசம் இருந்தும் இடிக்காதிருந்து அது விழுந்தால் உரிமையாளரே பொறுப்பு. பழுதான கட்டடத்துக்கு நகராட்சி அனுப்பும் எச்சரிக்கைத் தாளின் தருக்கமும் இதுவே. தேர்த் திருநாளில் விரிசல் விட்ட பால்கனியில் விருந்தினரை ஏற்றுவோர் இவ்விரு சட்டத்தையும் ஒருங்கே மீறுகின்றனர்.

மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஒரு படி மேலே சென்றார்கள். வழியில் கட்டியது பள்ளிவாசலாயினும் முஹ்தஸிப் எனும் அங்காடி அதிகாரி அதனை இடிக்கச் செய்யவேண்டும் என்பது அவர்தம் கருத்து. இவ்வரியை ஓதும்போதெல்லாம் மாணவர் முகங்களை நாம் கவனிப்பதுண்டு. எவர் கட்டியது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை என அறிந்ததும் சிலர் தலைகுனிவர்.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியும் உண்டு. முஸ்னத் அஹ்மதில் உள்ளது; தொடரில் அறிஞர்க்கு வினா உண்டெனினும் கருத்து இனிது. ஜுமுஆவுக்குப் புத்தாடை உடுத்துச் சென்ற கலீஃபாவின் மேல் அப்பாஸ் (ரலி) அவர்கள் வீட்டுக் கூரைக்குழாயிலிருந்து, கோழிக்குஞ்சுகளின் குருதி கலந்த நீர் விழுந்தது. குழாயைப் பெயர்க்க உத்தரவிட்டார்கள். அதனை அவ்விடத்தில் வைத்தவர் நபி (ஸல்) அவர்களே என்று அப்பாஸ் (ரலி) கூறியதும், உமர் (ரலி) அவர்கள் தம் முதுகில் ஏறி நின்று அதனை மீண்டும் பொருத்துமாறு அவரை வேண்டினார்கள். ஆட்சியாளர் இடித்ததை ஆட்சியாளர் முதுகின்மேல் நின்றே திரும்பக் கட்டினர்.

இக்காலத்துக்கு வருவோம். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2023இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பெற்றுவிட்டது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், சாலை அகலத்துக்கேற்ப வீட்டின் முன்னே வெற்றிடம் விடச் சொல்கின்றன. அவ்வெற்றிடத்தில் எவ்வளவு வெயில் மறைப்பு, எவ்வளவு மாடம், எத்தகைய படி என்பதற்கும் அளவு உண்டு. திருவண்ணாமலையும் 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இவ்விதியைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் துக்கமும் ஒருங்கே வந்தன. முன்னோர் எவரும் கேளாமலே விட்ட மூன்று முழத்தை இன்று அரசு அளவுகோல் கொண்டு கேட்கின்றது. நாமோ அவ்விடத்தில் சுற்றுச்சுவர் எழுப்பி, இரும்புக் கதவு பூட்டி, மேலே போர்ட்டிகோ போட்டு வண்டி நிறுத்துகின்றோம்.

பழைய திண்ணைகளோ வேறு வகையில் அழிகின்றன. சாலையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அதன் மட்டம் உயர்கின்றது. இடுப்பளவு நின்ற திண்ணை முழங்கால் அளவாகி, பின்னர் மழைநீர் புகும் பள்ளமாகின்றது. மாட வீதிகளில் பல திண்ணைகள் கடைகளாயின. ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில், பட்டா நிலத்துப் பழந்திண்ணையும் நேற்றுப் போட்ட சிமெண்ட் படியும் ஒன்றாகவே பார்க்கப்படுகின்றன. பத்திரத்தை எடுத்துக் காட்டும் விதவைக்கும் முதியவருக்கும் அந்நேரத்தில் யார் செவி கொடுப்பர்? பத்திரத்தின் நான்கெல்லையை ஒருமுறையேனும் அளந்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் எனச் சொந்தங்களுக்கு நாம் கூறி வருகின்றோம்.

புதுச்சேரியில் வேறு வழி கண்டனர். தமிழர் பகுதியில் தெருவோரம் மரத்தூண் தாங்கிய தாழ்வாரமும் அதன் உட்புறம் திண்ணையுமாக வீடுகள் தோளோடு தோள் நிற்கும். இன்டாக் அமைப்பு வைசியாள் தெருவில் வரிசை வீடுகளின் முகப்பை வீட்டுக்காரர் ஒத்துழைப்போடு பழையபடி சீரமைத்தது. அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. காஜியார் தெருவும் முல்லா தெருவும் உள்ள அந்நகர முஸ்லிம் பகுதியில் சுற்றிவந்தபோது, மதில் எழுப்பாத முகப்புகளைக் கண்டு நம் ஊரை எண்ணினோம்.

இனி நம் வழக்கு. நம் வீடு எட்டடி அகலச் சந்தின் கோடியில் உள்ளது, அது முட்டுச்சந்து. பிள்ளைகள் மாடி கட்டியபோது சந்தின் மேல் மூன்றடி பால்கனி நீண்டது. "சந்துதானே ஹஜ்ரத், யார் கேக்கப் போறாங்க?" என்றார் மேஸ்திரி. நாமும் வாளாவிருந்தோம். சில ஆண்டுகள் கழித்து மதரஸாவில் மின்ஹாஜின் அப்பாடம் வந்தது. பாடம் முடிந்ததும் ஒரு மாணவர் தயங்கி எழுந்து, "ஹஜ்ரத், அப்படின்னா நம்ம வீட்டுப் பால்கனிக்கு எல்லாரும் சம்மதம் சொன்னாங்களா?" என்றார். குறும்பன்று, விளங்கிக்கொள்ளவே கேட்டார். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் சந்தின் நான்கு வீடுகளுக்கும் சென்றோம். மூவர், இப்போது போய் இதைக் கேட்பானேன் என நகைத்து இசைந்தனர். எதிர்வீட்டு மூதாட்டி மட்டும் சற்றுநேரம் மேலே பார்த்தார். "கேட்டீங்களே பாய், அதுவே பெரிசு. ஆனா பொய் சொல்ல மாட்டேன். அது வந்ததுலேருந்து என் திண்ணையில வெயில் விழறதில்ல. வடாம் காயறதில்ல" என்றார். மூத்த மகன் அவருக்கு ஒரு தொகை கொடுத்துவிடலாம் என்றான். மாடம் நீட்டுவதற்குப் பணம் கொடுத்துச் சமாதானம் செய்வதையும் இமாம் அவர்கள் தடுத்துள்ளார்கள். நிலத்தினின்று பிரித்து வெறும் வெளியை விற்பதற்கில்லை. அதனை அவனுக்கு ஓதிக் காட்டினோம்.

அறுத்தெடுக்க மூன்று நாள் ஆயிற்று. கட்டியதைவிட இடித்ததற்கு மேஸ்திரி அதிகக் கூலி கேட்டார், கொடுத்தோம். கதவிருந்த இடத்தில் சன்னல் வைத்தாயிற்று. சுவரில் கம்பி அறுத்த தழும்பு இன்றும் பூசாமல் இருக்கின்றது. அவ்வாண்டு மாசியில் எதிர்வீட்டுத் திண்ணையில் வெள்ளைத் துணி விரித்து வடாம் காய்ந்தது. ஒரு தூக்கு நம் வீட்டுக்கும் வந்தது.